யாக்கிசோபா: அங்காடியிலிருந்து அடுக்களைக்கு

ஓர் இனத்தின் வரலாற்றை அரசர் பெயர்களிலும் போர்க்களங்களிலும் தேடுவது வழக்கம். ஆயினும், அவ்வினத்தார் நாள்தோறும் உண்ணும் உணவிலும் வரலாறு பொதிந்து கிடக்கிறது. இன்று சப்பானிய இல்லங்களில் கால்மணி நேரத்தில் ஆக்கி முடிக்கப்படும் எளிய உணவு யாக்கிசோபா. மீயும் முட்டைக்கோசும் இறைச்சித் துண்டுகளும் கருநிறச் சாறும் சேர்ந்த இவ்வுணவு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மாற்றங்களின் விளைவாகும்.

முதற்கண் அதன் பெயரை நோக்குவோம். ‘யாக்கி’ என்பது சுட்டது அல்லது வறுத்தது எனப் பொருள்படும். ‘சோபா’ என்பது சப்பானியர் நெடுங்காலமாக மரக்கோதுமை மாவினால் செய்துவந்த மெல்லிய இழையுணவைக் குறிக்கும். வியப்பு யாதெனில், யாக்கிசோபாவில் மரக்கோதுமை சிறிதும் இல்லை. கோதுமை மாவைக் காரநீர் விட்டுப் பிசைந்து செய்யும் சீன இழையே இதில் சேர்கிறது. காரநீர் மாவுக்கு மஞ்சள் நிறத்தையும் இழைக்கு உறுதியையும் தருகிறது. மலேசியச் சந்தைகளில் விற்கும் மஞ்சள் மீயும் இம்முறையில் அமைந்ததே. பொருள் மாறியும் பழம்பெயர் நிலைத்துவிட்டது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இந்த இடைவெளி ஒருமுறை வழக்காகவே எழுந்தது. மரக்கோதுமை இல்லாத ஒக்கினாவா இழையுணவைச் சோபா என அழைக்கலாகாது என்று 1976இல் தடை எழுந்தது. ஒக்கினாவா மக்கள் விடாது முறையிட்டதன் பயனாக, 1978 அக்டோபர் 17ஆம் நாள் அப்பெயருக்கு ஒப்புதல் கிடைத்தது. மக்கள் வழக்கே இறுதியில் வென்றது எனலாம்.

சீன இழை சப்பானை அடைந்த வழி கடல்வழியாகும். நெடுங்காலம் அயல்நாட்டாருக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்த சப்பான், 1859இல் யோக்கோகாமா, நாகசாக்கி, ஆக்கோடாத்தே ஆகிய துறைமுகங்களை வாணிகத்துக்குத் திறந்தது. மேனாட்டு வணிகரோடு சீனரும் வந்து குடியேறினர். அவர்களுடன் ‘சௌ மியேன்’ எனும் வறுத்த இழையுணவும் வந்தது. சீன உணவகங்களில் பிறந்த பழக்கம் மெல்லமெல்ல நகரத்துச் சிற்றங்காடிகளுக்குப் பரவியது.

அதே காலத்தில் மேற்கிலிருந்து வேறொரு பொருளும் வந்தது. இங்கிலாந்தின் ஊஸ்டர் நகரில் 1830களின் இறுதியில் விற்பனைக்கு வந்த ஊஸ்டர் சாறே அது. புளிக்காடி, வெல்லப்பாகு, நெத்திலி வகை மீன், வெங்காயம், பூண்டு ஆகியவற்றோடு, தமிழர் குழம்புக்குக் கரைக்கும் புளியும் அதில் சேர்ந்திருந்தது. மெய்ஜி காலத்தில் (1868–1912) சப்பானியர் இச்சாற்றைத் தம் நாட்டிலேயே செய்யத் தலைப்பட்டனர். காய்களும் கனிகளும் சேர்த்து இனிப்பைக் கூட்டித் தம் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். சீன இழையும் ஆங்கிலச் சாறும் ஒரே இரும்புத் தட்டில் கலந்தபோது இன்றைய யாக்கிசோபா உருப்பெற்றது. உலகப்போருக்கு முன்னரே தோக்கியோவின் அசாகுசாப் பகுதியில் அஃது அங்காடி உணவாக விளங்கியது.

ஆயினும், ஒரு வட்டாரத்துச் சிற்றுண்டியை நாடெங்கும் கொண்டு சென்றது சுவை மட்டுமன்று. பசியே அதற்கு வழிகோலியது. 1945 ஆகத்தில் சப்பான் சரணடைந்தபோது அந்நாட்டின் களஞ்சியங்கள் வறண்டு கிடந்தன. அவ்வாண்டு நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த அரிசியும் நின்றது. கடல் கடந்து சென்றிருந்த 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரரும் குடிமக்களும் தாயகம் திரும்பலாயினர். பங்கீட்டு உணவு போதாமையால் மக்கள் கள்ளச்சந்தையை நாடினர். 1946 மே 19ஆம் நாள் தோக்கியோவில் அரண்மனைத் திடலில் பெருங்கூட்டம் திரண்டு உணவு கேட்டு முழங்கியது. பிற நாடுகளைப் பட்டினியில் ஆழ்த்திய போர், இறுதியில் அதனைத் தொடுத்த நாட்டின் அடுப்பையும் அணைத்தது என்பதை மாணவர் மறத்தலாகாது.

அரிசி அருகிய அந்நாளில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. 1950இல் எட்டுப் பெருநகரங்களின் பள்ளிகளில் கோதுமை ரொட்டியோடு நண்பகல் உணவு வழங்கப்பட்டது. 1954இல் பள்ளி உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1956 முதல் சமையல் ஊர்திகள் சிற்றூர்தோறும் சென்று, கோதுமை உணவு ஆக்கும் முறையை இல்லத்தரசியர்க்குக் கற்பித்தன. இவ்வியக்கத்துக்கு அமெரிக்கக் கோதுமை உழவர் அமைப்பும் பொருளுதவி செய்தது. ஈகையோடு வாணிக நோக்கும் அதில் கலந்திருந்தது என்பது வெளிப்படை. எவ்வாறாயினும், மாவு கிடைத்தது. அங்காடிக்காரர் இழையை வறுத்து, முட்டைக்கோசை மிகுதியாகச் சேர்த்து அளவைப் பெருக்கினர். சாற்றின் மணம் தெருவை நிறைத்தது. குறைந்த காசில் வயிறும் நிறைந்தது.

அங்காடியிலிருந்து அவ்வுணவு அடுக்களைக்குள் நுழைந்தது அடுத்த கட்டமாகும். தைவானில் பிறந்த மொமொபுக்கு அண்டோ 1958இல் உடனடி இழையுணவைக் கண்டார். அவருடைய நிசின் நிறுவனம் 1963இல் உடனடி யாக்கிசோபாவை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1975இல் தோயோ சுய்சான் நிறுவனம், ஆவியில் வெந்த இழையையும் சாற்றுப்பொடியையும் மூவர்க்கு ஆகும் அளவில் ஒரே பொதியாக வெளியிட்டது. குளிர்நிலையில் காக்க வேண்டிய பொதி அது. அப்போது பெரும்பாலான வீடுகளில் குளிர்பெட்டி இருந்தமையால் எளிதில் பரவியது.

ஆக்கும் முறையும் எளிது. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் மெல்லிய இறைச்சித் துண்டுகளை முதலில் வதக்க வேண்டும். பின் முட்டைக்கோசு, கேரட், தவுகே எனப்படும் பயற்றுமுளை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். காய்கள் குழையலாகாது. ஒருவர்க்கு ஏறத்தாழ 150 கிராம் இழையை இட்டுச் சிறிது நீர் தெளித்தால் எழும் ஆவியில் இழைகள் பிரியும். அவற்றை வலிந்து பிரித்தால் அறுந்துவிடும். நீர் வற்றிய பின்னரே சாற்றை ஊற்றிப் புரட்ட வேண்டும். முன்னதாக ஊற்றினால் சாற்றிலுள்ள இனிப்பு அடிப்பிடித்துக் கருகும். மேலே கடற்பாசித் தூளும் சிவந்த இஞ்சி ஊறுகாயும் தூவுவர்.

வீடுகளில் வேரூன்றிய உணவு ஊர்களுக்கும் பெருமை சேர்த்தது. பூஜி மலை அடிவாரத்துப் பூஜினோமியா நகரத்தார் உறுதிமிக்க இழையோடு பன்றிக்கொழுப்பை உருக்கி எஞ்சிய சக்கையும் மத்திமீன் தூளும் சேர்ப்பர். நாடளாவிய வட்டார உணவுப் போட்டியில் 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்நகரமே முதலிடம் பெற்றது. 2009இல் வென்ற யோக்கோத்தே நகரின் யாக்கிசோபா, மேலே பொரித்த முட்டையைக் கொண்டது.

மலாயாவிலும் இதற்கு ஓர் இணை உண்டு. சீனர் கொணர்ந்த மஞ்சள் மீயைத் தமிழ் முசுலிம் வணிகர் மிளகாயும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்தனர். மலாய் மொழியில் அது ‘மீ கோரேங்’ எனப் பெயர் பெற்றது. சௌ, யாக்கி, கோரேங் ஆகிய மூன்று சொற்களும் வறுத்தலையே சுட்டுகின்றன. மூலம் ஒன்றாயினும் மணம் மூன்று. இழை சீனருடையது, சாறு ஆங்கிலேயருடையது, கோதுமை அமெரிக்கருடையது என்று பிரித்துப் பார்த்தால் யாக்கிசோபாவில் சப்பானியருக்கு எஞ்சுவது யாது? ஆக்கிய கையும் உண்ட பசியுமே. ஓர் உணவை ஓர் இனத்துக்கு உரியதாக்க அவ்விரண்டும் போதும்.