மண் போகும் கணக்கு

போடி மலையிலே மழை ஓய்ந்ததும் கொட்டகுடி ஆறு கலங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு போவது ஏலத்தோட்டத்து மேல்மண்தான். அது எவ்வளவு?

இதை அளந்ததற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் மிசௌரியில் 1917-ல் சரிவு நிலத்தைச் சிறு துண்டுகளாகத் தடுத்து, வழிந்த தண்ணீரையும் மண்ணையும் தொட்டியில் பிடித்து அளந்தார்கள். நம் நாட்டில் சோலாப்பூரில் 1930-களில் இப்படி அளந்தார்கள். உதகமண்டலத்தில் 1954-ல் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சரிவு வாக்கில் உழுது போட்ட உருளைக்கிழங்கு நிலத்தைவிட, படிமட்டம் கட்டிய நிலத்தில் மண் மிகக் குறைவாகவே போயிற்று என்று அங்கே கண்டார்கள்.

தொட்டி கட்ட நமக்கு வசதி ஏது என்கிறீர்களா? இரும்புக் கம்பி போதும். ஒன்றரை அடிக் கம்பியில் ஒரு அடியை மண்ணிலே இறக்குங்கள். வெளியே தெரிவதை ஸ்கேலால் அளந்து நோட்டிலே எழுதுங்கள். மேலே, நடுவே, கீழே என்று பத்து இடத்தில், ஆள் மிதிக்காதபடி நடுங்கள். ஆடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் பின்னாலே மறுபடி அளந்து சராசரி பாருங்கள்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஏக்கருக்கு அது நாலு கன மீட்டர், ஏறக்குறைய 5 டன் மண்!

கம்பி அதிகம் வெளியே தெரிகிற இடத்திலே சருகை வாரிச் சுரண்டாதீங்க, நிழல்மரத்தை வெட்டாதீங்க, சரிவுக்குக் குறுக்கே கல்வரப்புப் போடுங்க. போன மண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காக்கலாம்.