பெரட்டுக்கு எழுந்தவர்களின் முதுமை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் முதல் ரயில் ஓடியது 1886இல். அதன்பின் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் ஊரானது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள் கிராணிகளாகவும் (எழுத்தர்களாகவும்) ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தார்கள். கிள்ளான் வட்டாரத்தின் ரப்பர் தோட்டங்களுக்கோ, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டரின் நாள் தந்தி, சரக்குக் கணக்கு, எந்த வண்டிக்கு முதலில் வழிவிடுவது என்ற முடிவு என்று கழியும். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. பிறகு உளியோடு நூற்றுக்கணக்கான மரங்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வடியாது. அவ்வளவு நுணுக்கமான கைவேலை அது. ஆனால் எந்த மரம், எந்த நாள், என்ன எடை என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் கிராணியும் துரையும்தான்.

இந்த வித்தியாசம் முதுமையிலும் தொடரக்கூடும். 2021இல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தது. சிந்தனைக்கு இடமில்லாத வேலை செய்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 7.3 பேர் மறதி நோய்க்கு ஆளானார்கள். மூளைக்கு வேலை தரும் பணியில் இருந்தவர்களில் 4.8 பேர். இளமையில் கிடைக்கும் பள்ளிப் படிப்பும் மூளைக்குச் சேமிப்பாகிறது என்கிறார்கள் மருத்துவர்கள்.

அந்தப் படிப்புதான் தோட்டத்தில் அரைகுறையாகக் கிடைத்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வைக்கச் சொன்னது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையோடு நின்றது; கங்காணியோ கிராணியோ வாத்தியார். பிள்ளைகள் சீக்கிரமே வேலைக்குப் போனார்கள்.

தொழிலாளர்கள் இந்தக் குறையை அறியாமல் இல்லை. 1941இல் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு நல்ல பள்ளியும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை எதிர்த்தார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். மறதி நோய்க்கு 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் அவர்கள் எதிர்த்த படிப்புக் குறைவும் மிதமிஞ்சிய குடியும் இருக்கின்றன.

வேலைநிறுத்தம் நடந்த 1941இல் 7 வயதாக இருந்த தோட்டத்துப் பிள்ளைக்கு 1994இல் 60 வயது. மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2018இன் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு கண்டது. பள்ளிக்கே போகாதவர்களிடம் அந்த விகிதம் இன்னும் கூடுதல்.