தங்குமனைகளும் நிலைத்த பெயர்களும்

ஒரு தங்குமனை யார் பெயரால் வழங்குகிறது என்பதும், அதனை உண்டாக்கினார் யார் என்பதும் வேறு வேறு வினாக்கள். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வரலாறு திரிபடைகிறது. இதனை இரு கட்டடங்கள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இராசபாளையத்தை அடுத்த திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனை உள்ளது. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அம்மன்னர் ஆண்டாளை வழிபட வருங்கால் தங்குதற்கு அமைந்தது அது. ஆண்டாள் கோயிற் பூசை முடிந்தமையை மணியொலி வழியே மதுரையில் அறிந்த பின்னரே அவர் உண்பர் என்பது செவிவழிச் செய்தி. தலைநகரில் அரசர், இவ்வூரில் அடியவர். ஆயினும் கட்டுவித்தவர் அவரே. ஆதலின் அவர் பெயர் நிற்றல் முறையே.

சென்னைப் பின்னிச் சாலையிலுள்ள கன்னிமரா விடுதியின் நிலை வேறு. 1854-இல் அது இம்பீரியல் விடுதி என்னும் பெயரொடு இரத்தினவேலு முதலியாரின் உடைமையாய்த் தொடங்கிற்று. பின்னர் ஆல்பனி எனப்பட்டது. 1886 முதல் 1890 வரை ஆளுநராயிருந்த கன்னிமரா பிரபுவின் பெயரை அதன் பின்னரே ஏற்றது. அவர் அதனைக் கட்டினாரும் அல்லர், கட்டுவித்தாரும் அல்லர்.

அமைப்பும் ஒருவர் ஆக்கமன்று. ஸ்பென்சர் நிறுவனத்தார் காலத்தில், மிகையான அணிவேலைகளைக் குறைத்து நேர்கோடுகளாலும் வளைவுகளாலும் அழகு செய்யும் ஆர்ட் டெகோ பாணியில் அது புதுக்கப்பெற்று, 1937-இல் திறக்கப்பட்டது. 1974-இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதனை விரிவாக்கினார். அறைக்கும் திறந்த வெளிக்கும் உள்ள எல்லையை நெகிழ்த்துவது அவர் கலையின் இயல்பு. 1984-இல் தாஜ் குழுமத்தின் பொறுப்பில் வந்த விடுதி, பெரும் புதுப்பிப்புக்குப் பின் 2018-இல் மீண்டும் திறக்கப்பெற்றது.

பெயரை மட்டும் நோக்குவார் இதனை முற்றும் ஆங்கிலேயர் ஆக்கம் என்பர். விடுதி என்னும் வணிக முறை மேலைநாட்டிலிருந்து வந்ததே. அதனை மறுத்தல் வேண்டா. ஆயின், அம்முறையைச் சென்னையில் ஏற்று முதலிட்டு நடத்திய தமிழர் பங்கையும் மறத்தல் ஆகாது. விடுதியின் வரலாற்றை எழுதுவார் ஆளுநரிலிருந்து தொடங்காது 1854-இலிருந்து தொடங்குதல் வேண்டும். பெயர் மாறவேண்டுவதில்லை, வரலாறு முழுமை பெற்றாற் போதும் என்பது நம் துணிபு.