சரிவுக் காலத்தில் நினைவகச் சில்லு நிறுவனங்களை மதிப்பிடுதல்

2018 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவின் மைக்ரான் பங்கு, ஒரு பங்குக்கான ஆண்டு இலாபத்தைப் போல 5 மடங்குக்கும் குறைவான விலையில் கைமாறியது. வேறு துறையாக இருந்தால் இதை மலிவு என்றே கொள்ளலாம். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் விலை மேலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2023 நிதியாண்டில் நிறுவனத்தின் வருவாய் 3,076 கோடி டாலரிலிருந்து 1,554 கோடியாகக் குறைந்து, நட்டம் 583 கோடியை எட்டியது. அப்போது அந்த விலை-இலாப விகிதத்தைக் கணக்கிடவே இயலவில்லை. இலாபம் உச்சத்தில் நிற்கும்போது பங்கை மலிவாகக் காட்டி, அது மறைந்ததும் தானும் மறைந்துபோகும் அளவுகோலை இத்துறைக்குப் பயன்படுத்துவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சரிவுக் காலத்து இலாபக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. 2023 தொடக்கத்தில் ஒரே காலாண்டில் மைக்ரான் தன் கையிருப்பின் மதிப்பை 143 கோடி டாலர் குறைத்து எழுதியது. அவ்வாறு குறைக்கப்பட்ட சரக்கு பின்னர் விற்கப்படும்போது அடக்கச் செலவு குறைவாகப் பதிவாகும். எனவே விலை ஏறாமலேயே இலாப விகிதம் மேம்பட்டதாகத் தோன்றும். அதே நிதியாண்டில் நாண்ட் வகை நினைவகச் சில்லு ஆலைகளின் இயந்திரங்களின் ஆயுட்காலமும் 5 ஆண்டிலிருந்து 7 ஆண்டாக நீட்டப்பட்டது. இதனால் ஆண்டுத் தேய்மானச் செலவு குறையும். இரண்டுமே கணக்கியல் விதிகளுக்கு உட்பட்டவைதான். ஆயினும் மீட்சியின் அளவை மதிப்பிடுபவர் இவற்றைக் கழித்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் புத்தக மதிப்பை நம்பலாமா? ஜப்பானின் எல்பிடா இதற்குத் தெளிவான விடை தருகிறது. 2009இல் அரசின் ஆதரவோடு மூலதனம் பெற்ற அந்நிறுவனம், டி-ரேம் வகை நினைவகச் சில்லுகளின் விலைச் சரிவு, வலுத்த யென், கொரியப் போட்டி ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்க முடியாமல், ஏறத்தாழ 44,800 கோடி யென் கடனுடன் 2012 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் தொழில்நுட்பமும் ஆலைகளும் மதிப்பிழக்கவில்லை. அடுத்த ஆண்டே மைக்ரான் அவற்றை வாங்கியது. பங்குதாரருக்கு மட்டும் எதுவும் மிஞ்சவில்லை. சொத்தின் பயனை அனுபவித்தவர், அது பலன் தரும்வரை பணத்தோடு காத்திருக்க முடிந்தவரே.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கடனும் ரொக்கமும். அடுத்தது, போட்டியாளர் உற்பத்தியைக் குறைப்பாரா என்பது. 2023இல் சாம்சங்கின் சில்லுப் பிரிவே பெருநட்டம் கண்டதால் அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. ஆனால் 2016இல் ஹெஃபெய் நகரில் அரசு நிதியுடன் தொடங்கப்பட்ட சீனாவின் சாங்சின் மெமரி நிறுவனத்திடம் அதே கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. உள்நாட்டுத் தன்னிறைவே அதன் இலக்கு, உடனடி இலாபம் அன்று. அந்நிறுவனம் போட்டியிடும் டிடிஆர்4 போன்ற பழைய தலைமுறைச் சில்லுகளுக்கான இயந்திரங்களை, ஏட்டில் உள்ள மதிப்புக்கு அப்படியே ஏற்பது மிகைமதிப்பீடு. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கான உயர் அலைவரிசை நினைவகத்தைத் தனியாகவே மதிப்பிட வேண்டும். அங்கு வாடிக்கையாளர் சிலரே. நீண்ட தகுதிச் சோதனையைக் கடந்த சில்லையே அவர்கள் வாங்குகிறார்கள்.

இத்துறையை ஆராய்வோர், அடுத்த காலாண்டின் இலாபக் கணிப்பை ஒதுக்கிவைத்து இருப்புநிலைக் குறிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.