இரு சுரங்களின் வலிமை

மேல்நாட்டு இசையில் பல சுரங்களை ஒரே காலத்தில் ஒலிப்பதனைக் ‘கார்டு’ என்பர். மூன்று சுரங்களேனும் கூடினாலன்றி இலக்கண நூலார் அதனைக் கார்டு என்று எளிதில் ஒப்புவதில்லை. ஆயினும், ராக் இசைக்கும் அதன் வழித்தோன்றலாகிய மெட்டல் இசைக்கும் அடித்தளமாய் நிற்பது இரு சுரங்களின் கூட்டே. அதன் பெயர் ‘பவர் கார்டு’. சுரம் ஒன்றை இழந்தது வலிமை என்னும் பெயரைப் பெற்றது எவ்வாறு?

நாம் ச, ப என்று பாடுகிறோம். பண்டைத் தமிழர் குரல், இளி என்றனர். பவர் கார்டின் சுரங்கள் இவ்விரண்டே. முழுக் கார்டில் இவற்றின் இடையே காந்தாரம் நிற்கும். அது அந்தர காந்தாரமாயின் மகிழ்ச்சியும், சாதாரண காந்தாரமாயின் துயரமும் தோன்றும் என்பது மேல்நாட்டார் மரபு. காந்தாரமே இல்லாத பவர் கார்டு சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை. உறுதியாக நிற்கிறது.

காந்தாரத்தை நீக்கியதற்குக் காரணம் மின் கிதாரின் ஒலிபெருக்கி. அதனை அளவுக்கு மீறி முடுக்கினால் ஒலி சிதைந்து உறுமும். அப்போது, அடிக்கும் சுரங்களோடு அவற்றின் அதிர்வெண்களது வேறுபாட்டில் புதிய ஒலிகளும் பிறக்கும். காந்தாரம் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். ச, ப இரண்டும் 2க்கு 3 என்னும் விகிதத்தில் அதிர்பவை. ஒன்று நொடிக்கு 110 முறையும் மற்றொன்று 165 முறையும் அதிர்ந்தால், வேறுபாடு 55. அது கீழ்த்தாயியின் ச அன்றோ? ஆகவே, யாரும் மீட்டாத ஆழ்ந்த சுரமொன்று அடியில் நின்று தாங்குகிறது.

இச்சிதைவைக் குறையென்று கருதாமல் விரும்பித் தேடியவர் சிலர். 1958இல் அமெரிக்கரான லிங்க் ரே ‘ரம்பிள்’ என்னும் இசைத்தட்டுக்காகத் தம் ஒலிபெருக்கியைப் பென்சிலால் குத்தித் துளையிட்டார். பாட்டுச் சொல் ஒன்றேனும் இல்லாத அத்தட்டினை, வன்முறையைத் தூண்டும் என்று அஞ்சிச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன! 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், பதினேழு வயது இளைஞர், சிறிய ஒலிபெருக்கியொன்றின் கூம்புத்தாளைச் சவர அலகால் கீறினார். அதில் எழுந்த பவர் கார்டுகள் அவர் குழுவின் பாடலை இங்கிலாந்தின் முதலிடத்திற்கு உயர்த்தின.

அவர்கள் உடைத்தது கருவியை. பர்மிங்ஹாம் நகரத் தொழிலாளியான டோனி அயோமிக்கோ கையே சிதைந்தது. 1965இல், பதினேழாம் வயதில், இரும்புத் தகடு வேலையின் கடைசி நாளன்று, எந்திரம் அவருடைய வலக்கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் துண்டித்தது. இடக்கையால் மீட்டும் அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. இனிக் கிதார் இல்லை என்று மனமுடைந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்பித்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் நேர்ந்த தீவிபத்தால் இடக்கையில் இருவிரல்கள் முடங்கிய பின்னும் புகழ் பெற்ற கலைஞர்.

அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்தார்; அதன்மேல் தோலை ஒட்டினார்; மெல்லிய தந்திகளைப் பூட்டினார். முழுக் கார்டுகள் அவ்விரல்களுக்கு அரியனவாயின. இரு சுரக் கூட்டு எளிதாயிற்று. ஒரே விரலமைப்பை மெட்டுக்கு மெட்டு நகர்த்தினால் போதும். 1970இல் வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்தே ஹெவி மெட்டலின் வரலாற்றைத் தொடங்குவோர் பலர். 1971இல் அவர் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். விரல்களின் நோவு தணிந்தது, ஒலி மேலும் ஆழ்ந்தது.

மாணவ நண்பர்களே! விபத்து இசையைத் தந்துவிடவில்லை. எஞ்சிய ஆற்றலுக்கு ஏற்ற வழியைப் பொறுமையோடு தேடிய அறிவே தந்தது. 2025 ஜூலை 5ஆம் நாள், பர்மிங்ஹாம் வில்லா பார்க் அரங்கில் பிளாக் சபாத் குழு விடைபெற்றபோது, அயோமி மீட்டியது விரலுறைகளோடுதான்.