விக்டோரியா பொது மண்டபமும் தமிழ் நாடகமும்

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் பனுவல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது; அவை நடிக்கப்பெற்ற கட்டடங்கள் அத்துணை கருதப்படவில்லை.

சென்னை மத்திய தொடர்வண்டி நிலையத்திலிருந்து ரிப்பன் மாளிகையை நோக்கிச் செல்வோர், இரண்டிற்கும் இடையே கூம்பிய கூரையுடைய கோபுரத்தோடு செங்கற் கட்டடமொன்றைக் காண்பர். சிசம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டிய இந்தோ-சாரசனிக் பாணி மண்டபம் அது, 1880களில் எழுந்தது. நாடகத்திற்கென்றன்றி, நகரப் பெருமக்கள் கூடும் பொதுமன்றமாகவே அமைக்கப்பட்டது.

அதன் விளைவு பெரிது. தொழில்முறைக் குழுக்கள் கொட்டகைகளில் நடித்துவந்த காலத்தில், 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையினர் இம்மண்டபத்தில் மேடையேறினர். வழக்கறிஞரும் பிற கற்றோரும் நடித்ததால் 'கூத்தாடி' என்னும் இழிவுரை வலுவிழந்தது. சொற்பொழிவு கேட்கும் மன்றத்திலேயே நாடகமும் காணப்பெற்றமை அம்மாற்றத்திற்குத் துணைநின்றது.

எனவே, நாடகம் மதிப்புப் பெற்ற வரலாற்றில் பனுவலோடு கட்டடத்தையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.