விமானி அறையில் கண்ணும் கவனமும்: ஒரு சிறு வரலாறு

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தபோதும் எல்லையின் இருபுறத்தாரும் வளைகுடாவுக்குப் புறப்படும் வாசல் திருவனந்தபுரம் விமான நிலையமே. அவர்தம் உயிர் முன்பின் அறியாத இரு விமானிகளின் கவனத்தில் தங்கியிருக்கிறது. அக்கவனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1935-இல் நெவில் வின்சென்ட் டாட்டா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானத்தைத் திருவனந்தபுரத்தில் இறக்கினார். அவ்வகை விமானத்தில் பயணிகள் அறைக்குப் பின்னே, திறந்த இருக்கையில் விமானி அமர்ந்திருப்பார். காற்று முகத்தில் அறையும் அவ்விருக்கையில் கவனம் சிதற வாய்ப்புக் குறைவு. மூடிய அறையும் தானியங்கிக் கருவியும் வந்தபின்னரே ஓய்வும், ஓய்வோடு கவனச்சிதறலும் புகுந்தன.

1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரருகே, மூடுபனியில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் விமானம் நொறுங்கி 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறங்கும் வேளையில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தனர். 1981-இல் விதி பிறந்தது: 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தொடர்பற்ற பேச்சும் செயலும் கூடா.

ஆபத்து அவ்வுயரத்துக்கு மேலும் இருந்தது. 2009 அக்டோபர் 21 அன்று சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸ் சென்ற நார்த்வெஸ்ட் விமானம் 144 பயணிகளுடன் இலக்கைக் கடந்து 100 மைலுக்கும் அப்பால் பறந்தது. விமானிகள் இருவரும் தம் மடிக்கணினிகளில் புதிய பணிநேர அட்டவணை முறையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானொலி அழைப்புகளுக்கு விடையில்லை. எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் கேட்டபோதுதான் அவர்கள் விழித்துக்கொண்டனர். உயிரிழப்பு இல்லை, உரிமங்கள் பறிக்கப்பட்டன. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 2014-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பணியிருக்கையில் சொந்தப் பயன்பாட்டுக்கு மின்னணுக் கருவிகளைக் கையாள்வதைப் பயணம் முழுமைக்கும் தடைசெய்தது.

அதே 2014 ஆகஸ்டில் மும்பையிலிருந்து பிரசல்ஸ் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம் துருக்கி வான்வெளியில் சுமார் 5,000 அடி கீழிறங்கியது. தலைமை விமானி விதிகள் அனுமதிக்கும் ஓய்வில் இருந்தார். துணை விமானியின் பார்வை கைக்கணினியில் இருந்தது என்று செய்திகள் கூறின. துருக்கியக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்த பின்னரே உயரம் மீட்கப்பட்டது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் இருவரையும் இடைநீக்கம் செய்தது.

முந்தைய விதிகளால் தீராத சிக்கலை இந்நிகழ்ச்சி காட்டியது. காகித வரைபடங்களின் இடத்தைக் கைக்கணினி பிடித்துவிட்டது, அது பணிக்கருவியே. சொந்தக் கருவியை அறைக்கு வெளியே நிறுத்தலாம். பணிக்கருவியை நிறுத்த இயலாது. பேச்சுக்கு எல்லை வகுத்த விதி உயரத்தை அளந்தது; கருவிக்கு எல்லை வகுத்த விதி நோக்கத்தை அளந்தது. திரையில் ஆழ்ந்த கண் எப்போது நிமிரும் என்பதை அளக்கும் விதி எதுவுமில்லை. ஒருவர் குனிந்தால் மற்றவர் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதே இருவரை அமர்த்தியதன் பொருள். எல்லைக் கிராமத்திலிருந்து கடல்கடந்து பிழைக்கச் செல்பவர் நம்பி ஏறுவது அந்த ஒரு நிமிர்ந்த பார்வையைத்தான்.